பரம்பரையலகு மாற்றிய சுண்டெலியோடு ஆய்வு வாழ்க்கை: மலையகத்துக் கேள்விகளும் பதில்களும்

பரம்பரையலகு (ஜீன்) மாற்றிய சுண்டெலிகளை வைத்து ஆய்வு செய்வது பற்றி மலையகத்தின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

ஹட்டன், உயர்தர மாணவி: அக்கா, இந்த வேலைக்குப் போக மெடிசின் கிடைத்தே ஆகவேண்டுமா? எனக்கு அந்தளவு இசட் புள்ளி வராது.

தேவையே இல்லை தங்கச்சி. உயிரியல் விஞ்ஞானம், மூலக்கூற்று உயிரியல், விவசாயம், விலங்கு மருத்துவம் எதிலிருந்தும் வரலாம். நாட்டிலுள்ள ஒரே விலங்கு மருத்துவ பீடம் பேராதனையில்தான் இருக்கிறது. நுவரெலியா மாவட்டம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களின் பட்டியலில் உள்ளது. ஆகவே கொழும்பு வெட்டுப்புள்ளியைப் பார்த்துப் பயப்படாமல் உங்கள் மாவட்டத்துக்குரியதைப் பாருங்கள். எந்தப் பட்டமானாலும் நான்கு வருடச் சிறப்புப் பட்டமாகவும் இறுதி வருடத்தில் ஆய்வுகூடச் செயற்றிட்டம் உள்ளதாகவும் இருக்கட்டும். புள்ளிவிபரவியலை மட்டும் விட்டுவிடாதீர்கள். எலி வேலையில் பாதி அதுதான்.

பதுளை, உயிரியல் ஆசிரியர்: ஒரு பரம்பரையலகை முடக்கிய எலியை உண்மையில் எப்படிச் செய்கிறார்கள்? பிள்ளைகள் படிமுறையாகக் கேட்கிறார்கள்.

பழைய வழி முளைய ஸ்டெம் கலங்களில் பரம்பரையலகை மாற்றி, அவற்றை இளம் முளையத்துக்குள் செலுத்துவது. கபெக்கி, எவன்ஸ், ஸ்மித்தீஸ் மூவரும் 2007இல் நோபல் பரிசு பெற்றது அதற்காகத்தான். இப்போது பெரும்பாலும் டிஎன்ஏயைக் குறித்த இடத்தில் வெட்டும் க்ரிஸ்பர் முறை. அதைச் சொல்கிறேன் சேர்.

பெண் எலிக்கு முதலில் ஒரு ஹோர்மோன் ஊசி, சுமார் 48 மணித்தியாலம் கழித்து இரண்டாவது ஊசி. வழமையை விடப் பல மடங்கு முட்டைகள் வெளியாகும். அன்றிரவே ஆணோடு விடுவார்கள். மறுநாள் காலை யோனியில் வெள்ளை அடைப்பு தெரிந்தால் இணைந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த எலியைக் கொன்று, பலோப்பியன் குழாயிலிருந்து ஒருகல நிலையில் கருக்களை எடுக்கிறார்கள். அவற்றுக்குள் டிஎன்ஏயை வெட்டும் காஸ்9 புரதமும், வெட்டவேண்டிய இடத்தை 20 எழுத்து வரிசையால் காட்டும் வழிகாட்டி ஆர்என்ஏயும் நுண்ணூசியாலோ மின்துடிப்பாலோ போகும். அந்த 20 எழுத்துக்கு அடுத்து எலியின் டிஎன்ஏயில் என்ஜிஜி (ஏதாவது ஓர் எழுத்து, பிறகு இரண்டு ஜி) வரிசை இல்லாவிட்டால் காஸ்9 வெட்டாது. பிறகு, விந்துக் குழாய் வெட்டப்பட்ட ஆணோடு இணைந்து கர்ப்பம் என்று உடல் நம்பிக்கொண்டிருக்கும் வளர்ப்புத் தாயின் குழாய்க்குள் 20 கருக்கள் அளவில் வைப்பார்கள். மூன்று வாரத்துக்குள் குட்டி பிறக்கும்.

பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்லவேண்டியது இதற்குப் பிறகுதான் வருகிறது. முதலில் பிறக்கும் குட்டிகள் பெரும்பாலும் கலப்புடலிகள்; அதாவது உடலின் எல்லாக் கலங்களிலும் ஒரே மாற்றம் இருக்காது. காதிலிருந்து எடுத்த துண்டில் உள்ள விகாரம் (டிஎன்ஏ மாற்றம்) விந்தணுவில் இல்லாமல் போகலாம். ஆகவே அவற்றைச் சாதாரண எலியோடு இணைத்து, அடுத்த தலைமுறையில் விகாரம் வந்திருக்கிறதா என்று வாசித்த பிறகே அதை ஒரு வம்சமாகக் கணக்கில் எடுப்பார்கள்.

பேராதனை, பட்டப்பின் மாணவர்: காதுத் துண்டில் பீசீஆர் (டிஎன்ஏயைப் பெருக்கிப் பார்க்கும் முறை) செய்கிறேன். சில நாள் ஒன்றுமே வருவதில்லை; வந்தால் இதரநுகங்கள் (பரம்பரையலகின் ஒரு பிரதி மட்டும் மாறியவை) மிகக் குறைவாகத் தெரிகின்றன. எங்கே பிழை?

இரண்டும் வெவ்வேறு பிழைகள் தம்பி.

ஒன்றுமே வராத நாட்களில் அனேகமாகத் திசு கூடிப்போயிருக்கும். 2 மில்லிமீற்றர் துண்டு ஒன்று போதும். 25 மில்லிமோலர் சோடியம் ஐதரொட்சைட்டும் 0.2 மில்லிமோலர் ஈடிடிஏயும் கொண்ட கரைசல் 75 மைக்ரோலீற்றர் விட்டு, 95 பாகையில் அரை மணித்தியாலம் வையுங்கள். ஆறியதும் பீஎச் 5 உள்ள 40 மில்லிமோலர் ட்ரிஸ் அதே 75 மைக்ரோலீற்றர். துண்டு முழுதாகக் கரையாது, கரையத் தேவையும் இல்லை. மேலே உள்ள தெளிந்த நீரில் 1 முதல் 2 மைக்ரோலீற்றர் எடுத்தால் 20 மைக்ரோலீற்றர் பீசீஆருக்குப் போதும். அடியில் கிடக்கும் முடியையும் கலங்கலையும் உறிஞ்சினால் நொதியம் முடங்கிவிடும். அப்போது இன்னும் அதிகமாக விட்டுப் பார்க்காமல், பத்து மடங்கு ஐதாக்கிப் பாருங்கள்.

இரண்டாவது, மூன்று பிரைமரை (பெருக்கும் துண்டின் எல்லையில் ஒட்டும் சிறு டிஎன்ஏ) ஒரே குழாயில் போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். சிறிய துண்டு வேகமாகப் பெருகி, பெரிய துண்டுக்குரிய பொருட்களைத் தின்றுவிடும். இதரநுகம் அப்போது ஓரினநுகம் (இரு பிரதியும் ஒரே மாதிரி உள்ளது) போலக் காட்டும். சிறிய துண்டுக்குரிய பிரைமரின் அளவைக் குறையுங்கள், அல்லது இரண்டு எதிருருக்களுக்கும் (பரம்பரையலகின் சாதாரண வடிவம், மாற்றிய வடிவம்) வேறுவேறு குழாய் வையுங்கள். ஒவ்வொரு ஓட்டத்திலும் தெரிந்த சாதாரண எலி, தெரிந்த இதரநுகம், தெரிந்த ஓரினநுகம், வெறும் நீர் என்று நான்கும் இருக்கவேண்டும். நீர்க் குழாயில் பட்டை தெரிந்தால் அன்றைய ஜெல் முழுவதையும் தள்ளிவைத்துவிட்டுத் திரும்பச் செய்யுங்கள். காது துளைக்கும் கருவியை ஒவ்வோர் எலிக்கும் இடையில் துடைக்காமல் விட்டால் முந்தியவனின் திசு அடுத்தவனின் குழாய்க்குள் போகும். க்ரிஸ்பர் வம்சமென்றால் இன்னொரு பொறியும் உண்டு: வெட்டு பெரிதாகிப் பிரைமர் ஒட்டும் இடமே அழிந்திருந்தால் அந்த எதிருரு கண்ணிலேயே படாது. வெட்டிடத்திலிருந்து தூரத்தில் இன்னொரு சோடிப் பிரைமர் போட்டுச் சரிபாருங்கள்.

அதே மாணவர்: எட்டு ஆண் ஓரினநுக எலி வேண்டும். எத்தனை சோடி போடுவது?

இதரநுகத்தை இதரநுகத்தோடு இணைத்தால் நான்கில் ஒன்று ஓரினநுகம், அதில் பாதி ஆண். எட்டில் ஒன்று. எட்டுக்கு 64 குட்டி என்று கணக்குப் போட்டு நிறுத்திவிடுகிறார்கள். 64 குட்டியில் எட்டு என்பது சராசரி மட்டுமே. ஏறக்குறைய பாதித் தடவை அதற்குக் குறைவாகத்தான் கிடைக்கும். 90 குட்டிக்குத் திட்டமிடுங்கள். ஆய்வுகூடங்களில் பரவலாக உள்ள பிளாக் 6 வம்சத்தில் ஒரு ஈற்றுக்கு ஆறு குட்டி பால் மறந்து வருமென்றால் 15 ஈற்று. எட்டுச் சோடி, இரண்டு ஈற்று. கர்ப்பம் மூன்று வாரம், பால்குடி மூன்று வாரம், பரிசோதனைக்குப் பத்து வார வயது என்றால் இரண்டாவது ஈற்றும் தயாராக நான்கு மாதத்துக்கு மேல் ஆகும். ஒப்பீட்டு எலி அதே ஈற்றுச் சகோதரமாக இருக்கவேண்டும். வெளியே வாங்கிய எலி சரிவராது. பிளாக் 6 என்ற ஒரே பெயரில் ஜே (J) உபவம்சமும் என் (N) உபவம்சமும் உண்டு. ஜேயில், இழைமணிக்குரிய புரதத்தைத் தரும் என்என்டி என்ற பரம்பரையலகு பழுது. என் (N) உபவம்சத்தில் விழித்திரையைக் கெடுக்கும் ஆர்டி8 விகாரம். ஒன்றில் செய்த வம்சத்தை மற்றதோடு ஒப்பிட்டால் உங்கள் பரம்பரையலகின் விளைவென்று நினைத்து உபவம்சத்தின் விளைவை அளந்துகொண்டிருப்பீர்கள்.

20 குட்டி பார்த்தும் ஓரினநுகம் ஒன்றுகூட இல்லையென்றால் தற்செயலென்று விடாதீர்கள். அதற்கு வாய்ப்பு ஆயிரத்தில் மூன்றுதான். அனேகமாக முளையத்திலேயே இறக்கிறது. அடைப்புத் தெரிந்த நாளின் நண்பகலை 0.5 நாள் என்று எண்ணி, 13.5ஆம் நாள் தாயைத் திறந்து பாருங்கள். அங்கும் இல்லாவிட்டால் 9.5க்குப் போங்கள். பெண் குட்டிகளை வீணாக்காமல் இரு பாலையும் சேர்த்துத் திட்டமிட முடியுமா என்றும் மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். அப்படியானால் எலித் தொகை பாதியாகும்.

நுவரெலியா, விஞ்ஞான ஆசிரியை: எங்கள் குளிர் எலிக்கு நல்லதென்று ஒருவர் சொன்னார். சரியா?

பிழை மிஸ். சூட்டுக்காகத் தனியாகச் சக்தி செலவிடாமல் சுண்டெலி இருக்கக்கூடியது 30 பாகையை அண்டிய வெப்பத்தில். மனிதருக்கு வசதியென்று விலங்குக்கூடங்களை 20 முதல் 24 பாகையில் வைக்கிறார்கள். அதுவே எலிக்குக் குளிர். நுவரெலியா இரவு தாங்கவே தாங்காது. குளிரில் அதிகம் தின்னும், கொழுப்பை எரிக்கும், இதயம் வேகமாக அடிக்கும். நீரிழிவு, உடற்பருமன் ஆய்வென்றால் முடிவே மாறிவிடும். வெப்பமூட்டியோடு, கூண்டுக்கு 8 முதல் 10 கிராம் வரை நீளமாகக் கிழித்த கடதாசி போடுங்கள். காலையில் போய்ப் பாருங்கள்: கிண்ணம் மாதிரிச் சுவர் எழுப்பி, மேலே கூரை மூடிய கூடு கட்டியிருந்தால் எலி நலம். கடதாசி போட்டபடி சிதறிக் கிடந்தால் நோயோ வலியோ இருக்கலாம்.

தென்மேல் பருவத்தில் ஈரப்பதனும் தொல்லை. 70 வீதத்துக்கு மேல் போனால் மரச்சீவல் காயாது, அமோனியா ஏறும், தீவனத்தில் பூஞ்சணம் பிடிக்கும். மின்வெட்டில் எல்லோரும் காற்றோட்டத்தைத்தான் நினைப்பார்கள். விளக்கின் டைமரை மறந்துவிடுவார்கள். முள் சுழலும் டைமர் மின்சாரம் இல்லாத நேரம் அப்படியே நின்று, பிறகு அவ்வளவு நேரம் பிந்தி ஓடும். 12 மணித்தியால வெளிச்சம் இடம்மாறி, பெண்களின் சுழற்சி குழம்பி, சோடிகள் குட்டி போடாமல் நிற்கும். பற்றறி உள்ள டைமர் வாங்குங்கள்.

கண்டி, ஒரு தாய்: மகள் இந்த வேலைக்குப் போகிறாள். மாற்றிய பரம்பரையலகு அவளுக்குத் தொற்றுமா?

தொற்றாது அம்மா. கவனிக்கவேண்டியது ஒவ்வாமை. எலியின் சிறுநீரிலுள்ள புரதம் தூசோடு பறந்து, தும்மலில் தொடங்கி ஆஸ்துமா வரை கொண்டுபோகும். என்95 முகக்கவசம், கையுறை, மேலங்கி மூன்றும் முதல் நாளிலிருந்தே வேண்டும். மேலங்கியை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாமென்று சொல்லுங்கள்.

பண்டாரவளை, பல்கலைக்கழக மாணவி: எலியைக் கொல்லவேண்டி வரும் என்பதுதான் என்னைத் தடுக்கிறது.

அந்தத் தயக்கம் இருக்கத்தான் வேண்டும். அது இல்லாதவரின் கையில் நான் எலியைக் கொடுக்கமாட்டேன். ரசல், பேர்ச் என்ற இரு விஞ்ஞானிகள் 1959இல் வைத்த மூன்று கேள்விகள் இன்றும் ஒழுக்கநெறிக் குழுவின் விண்ணப்பத்தில் இருக்கின்றன: எலி இல்லாமல் செய்ய முடியாதா, குறைத்துச் செய்ய முடியாதா, வேதனையைக் குறைக்க முடியாதா. எந்த நிலையில் நிறுத்துவோம் என்பதையும் முன்கூட்டியே எழுதவேண்டும்; உடல் நிறையில் 20 வீதம் குறைந்தால் நிறுத்துவது பரவலான எல்லை. 25 கிராம் எலியில் இரத்தம் மொத்தமே 2 மில்லிலீற்றர் அளவுதான். ஒரு தடவையில் 0.2க்கு மேல் எடுக்கக்கூடாது. கரியமில வாயுவில் கொல்வதென்றால் ஒரு நிமிடத்துக்குப் பெட்டிக் கொள்ளளவின் 30 முதல் 70 வீதம் என்ற வேகத்தில் மெதுவாக நிரப்பவேண்டும். முன்பே நிரப்பிய பெட்டிக்குள் போட்டால் மயங்குவதற்கு முன் வலிக்கும். கையால் செய்ய உங்களால் முடியாது என்றால், கலவளர்ப்பும் தரவு ஆய்வும் இதே துறையின் வேலைகள்தான்.

மாத்தளை, பட்டதாரி: நாட்டிலிருந்தே செய்யலாமா? வெளிநாடு போவதென்றால் பேராசிரியருக்கு என்ன எழுதுவது?

எலி கையாளுதல், ஊசி, பிரேதப் பரிசோதனை, இழையவியல் எல்லாவற்றையும் சாதாரண எலியில் இங்கேயே பழகலாம். மாற்றிய வம்சங்களோடு ஆழமாக வேலை செய்யப் பெரும்பாலும் வெளியேதான் போகவேண்டும். அதுவரை, ஆயிரக்கணக்கான முடக்கிய வம்சங்களின் அளவீடுகளைச் சர்வதேச எலித் தோற்றவமைப்புக் கூட்டமைப்பு இலவசமாக வெளியிட்டிருக்கிறது. ஒரு மடிகணினியும் ஆர் (R) என்ற புள்ளிவிபர மென்பொருளும் இருந்தால், ஒரு பரம்பரையலகை எடுத்து ஆண் பெண் வேறுபாட்டை ஆராயத் தொடங்கலாம்.

மின்னஞ்சல் ஒரு பக்கத்துக்குள். முதல் பந்தியில் அவருடைய எந்தக் கட்டுரையின் எந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று சொல்லுங்கள். இரண்டாவதில் உங்கள் கையால் செய்த முறைகள். மூன்றாவதில் ஒரேயொரு கேள்வி. அமெரிக்கக் கலாநிதி விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரில் முடிவதால் ஓகஸ்டிலேயே எழுதுங்கள். இரண்டு வாரத்தில் பதில் இல்லாவிட்டால் ஒரு தடவை ஞாபகப்படுத்துங்கள், அதற்கும் இல்லாவிட்டால் அடுத்த ஆய்வுகூடத்துக்கு எழுதுங்கள்.