பாறைத் தோட்டமும் மரத்தடித் தோட்டமும்: இரண்டாம் வசந்தத்தில் பூ வராதது ஏன்?

கேள்வி: குளிர்காலத்தில் மண் உறைந்துபோகும் பகுதியில் பூச்செடிகள் வளர்க்கிறேன். வெயில் படும் சரிவில் கற்களைப் பதித்து ஒரு பாறைத் தோட்டமும், அதை ஒட்டி இலையுதிர் மரங்களின் அடியில் ஒரு நிழல் தோட்டமும் அமைத்தேன். மரத்தடியில் துலிப், டாஃபடில் கிழங்குகளை வைத்தேன். பாறைகளுக்கு இடையில் பல்சட்டில்லா, சாக்சிஃபிரேஜ், பிரிம்ரோஸ் நட்டேன். முதல் வசந்தத்தில் எல்லாமே பூத்தன. பூ முடிந்தவுடன் இலைகளை அறுத்துச் சுத்தம் செய்து, யூரியாவும் தொழுவுரமும் கொடுத்தேன். இந்த ஆண்டு மரத்தடியில் வெறும் இலைதான். பாறைத் தோட்டத்தில் பிரிம்ரோஸ் கோடையிலேயே கருகியது. மற்ற இரண்டும் குளிர்காலம் முடியும் நேரத்தில் கழுத்தில் (தண்டு மண்ணைத் தொடும் இடத்தில்) அழுகின. இது என்ன நோய்? என்ன மருந்து தெளிக்கலாம்?

பதில்: மருந்தை ஒதுக்கி வையுங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகளில் நோய்க்குப் பெரிய பங்கு இருப்பதாகத் தெரியவில்லை. வசந்தத்தில் நாம் பார்க்கும் பூ, அதற்கு முந்தைய ஆண்டே கிழங்குக்குள் உருவாகிவிட்ட பூ. டாஃபடிலில் பூத்து முடிந்த சில வாரங்களிலேயே அடுத்த ஆண்டின் மொட்டு தோன்றத் தொடங்குகிறது. துலிப்பில் கோடை ஓய்வின்போது தோன்றுகிறது. அதனால் முதல் ஆண்டு நீங்கள் கண்ட பூக்கள், கிழங்கை வளர்த்து விற்ற பண்ணையின் உழைப்பு. உங்கள் மண்ணும் உங்கள் பராமரிப்பும் என்ன செய்தன என்பது இரண்டாம் ஆண்டில்தான் தெரியவந்திருக்கிறது.

பூ வாடியதும் இலையை அறுத்ததுதான் முதல் சேதம். அந்த இலைதான் கிழங்குக்குச் சோறு போடுகிறது. குறைந்தது ஆறு வாரம், தானாக மஞ்சளாகிச் சாயும்வரை அதைத் தொடக்கூடாது. சிலர் பார்வைக்கு ஒழுங்காக இருக்கட்டும் என்று டாஃபடில் இலைகளை முடிச்சுப் போட்டு வைப்பார்கள். அதுவும் இலைக்குக் கிடைக்கும் வெளிச்சத்தைக் குறைக்கும். வாடிய பூவை மட்டும் கிள்ளிவிட்டால் போதும்.

துலிப்புக்கு இந்தப் பாதிப்பு இரட்டிப்பாகும். நட்ட துலிப் கிழங்கு ஆண்டுதோறும் கரைந்து, அதன் இடத்தில் புதிய சேய்க்கிழங்குகள் வருகின்றன. உணவு போதாமல் அவை சிறுத்துவிட்டால், பூவில்லாமல் ஒற்றை அகன்ற இலையை மட்டும் அனுப்பும். உங்கள் மரத்தடியில் பாருங்கள், பெரும்பாலும் அப்படித்தான் நிற்கும். மேலும், துலிப் இனங்கள் பலவற்றின் தாயகம் மத்திய ஆசியாவின் தியன்ஷான், பாமிர் மலைச்சரிவுகள். அங்கே குளிர்காலம் கடுமையானது, வசந்தம் ஈரமானது, கோடை வறண்டது. துலிப்புக்கு ஏறத்தாழ 12 முதல் 16 வாரம் 9 டிகிரி செல்சியஸுக்குக் குறைவான குளிர் வேண்டும். உங்கள் மண் உறைவதால் அந்தக் கவலை இல்லை. உங்கள் இடத்தில் கிடைக்காதது வெயிலும் கோடை வறட்சியும்தான். மர நிழலில் இரண்டுமே இல்லை.

ஆகவே துலிப்பையும் பிரிம்ரோஸையும் இடம் மாற்றுங்கள். துலிப் பாறைத் தோட்டத்துக்கு வரட்டும். அதிலும் குள்ளமான காட்டுத் துலிப் இனங்கள் அங்கே ஆண்டுக்கு ஆண்டு பெருகும், பெரிய பூ விடும் கலப்பு ரகங்களைப் போலச் சலித்துப் போகாது. ஐரிஸ் ரெட்டிகுலாட்டாவும் குரோக்கஸும் அதே குணம் கொண்டவை. பிரிம்ரோஸ் மரத்தடிக்குப் போகட்டும். அதற்கு மட்கிய இலையும் வற்றாத ஈரமும் வேண்டும். டாஃபடில் இருக்கும் இடத்திலேயே இருக்கலாம், மரக்கூட்டத்தின் விளிம்பில் இருந்தால் இன்னும் நல்லது. கிழங்கின் உயரத்தைப் போல மூன்று மடங்கு ஆழத்தில் இருக்கிறதா என்று மட்டும் தோண்டிப் பாருங்கள். மேலாக நட்ட டாஃபடிலும், நெருக்கமாக முண்டியடிக்கும் டாஃபடிலும் பூப்பதை நிறுத்திவிடும். தோண்டும்போது அழுத்திப் பார்த்து, மெத்தென்று இருக்கும் கிழங்கை எடுத்து அழித்துவிடுங்கள். டாஃபடில் ஈயின் புழு உள்ளே குடைந்திருக்கலாம்.

இனி அழுகல். பனியைக் கண்டு பயப்படும் செடிகள் அல்ல பல்சட்டில்லாவும் சாக்சிஃபிரேஜும். மலை உச்சியில் பனிப்போர்வைக்குக் கீழே உலர்வாகக் குளிர்காலத்தைக் கழித்துப் பழகியவை. அவற்றைக் கொல்வது குளிர்கால ஈரம், குறிப்பாகக் கழுத்தைச் சுற்றித் தேங்கும் ஈரம். நீங்கள் போட்ட தொழுவுரம் அந்த ஈரத்தைப் பிடித்து வைத்தது; யூரியா செடியைக் கொழுகொழுவென்று வளர்த்தது. இப்படிச் சதைப்பற்றாக வளரும் மலைச்செடி அடுத்த குளிர்காலத்திலேயே போய்விடும். ஒரு பங்கு தோட்ட மண், ஒரு பங்கு இலை மக்கு, ஒரு பங்கு பொடிச்சரளை என்ற கலவை போதும். களிமண்ணாக இருந்தால் சரளையை இரட்டிப்பாக்குங்கள். நட்ட பிறகு கழுத்தைச் சுற்றி இரண்டு மூன்று சென்டிமீட்டர் சரளை பரப்புங்கள். கல்லின் மூன்றில் ஒரு பங்காவது மண்ணுக்குள் புதைந்திருக்க வேண்டும். மேல்முகம் சரிவை நோக்கிப் பின்னால் சாய்ந்திருந்தால் மழைநீர் வேர்ப்பக்கம் இறங்கும். கற்களை வெறுமனே மண்மேல் அடுக்கி வைத்திருந்தால் (பலரும் அப்படித்தான் வைக்கிறார்கள்) அது கற்குவியல், பாறைத் தோட்டம் அல்ல. ஆப்ரீஷியா, தரையில் படரும் ஃபிளாக்ஸ் இரண்டையும் கல் விளிம்பில் வைத்தால் வழிந்து பூக்கும். அவை அவ்வளவு எளிதில் சாகாது.

மரத்தடியில் காலியாகும் இடத்துக்கு, அங்கேயே பிறந்த செடிகளைத் தேடுங்கள். காட்டு அனிமோன், ஹெபடிகா, டிரில்லியம், எரித்ரோனியம், ஸ்னோடிராப் எல்லாம் மரம் இலை விடுவதற்குமுன் தரையில் விழும் வெயிலில் அவசரமாகப் பூத்து, நிழல் மூடியபின் அடங்குகின்றன, அல்லது மெல்ல வளர்கின்றன. பசுமைமாறா மரங்களின் அடியில் இந்த வெயில் கிடைக்காது என்பதால் அங்கே முயல வேண்டாம். வால்நட் மரத்தடியும் வேண்டாம். அதன் வேரிலிருந்து வரும் ஜுக்லோன் என்ற வேதிப்பொருள் பல செடிகளை வாட்டும். உதிர்ந்த இலைகளைக் கூட்டி எரிக்காமல் குவித்து வைத்தால் ஓரிரு ஆண்டில் மட்கிவிடும். ஐந்து சென்டிமீட்டர் கனத்துக்கு அதைப் பரப்புவதே இங்கே உரம். அனிமோன் வேர்க்கிழங்கு காய்ந்து வந்தால் ஓர் இரவு நீரில் ஊறவைத்து, படுக்கவைத்து நடுங்கள். ஸ்னோடிராப்பைப் பூ முடிந்து இலை பச்சையாக இருக்கும்போதே பிரித்து நடுவது நல்லது.

டிரில்லியத்துக்குப் பொறுமை வேண்டும். விதையிலிருந்து பூக்க ஐந்து முதல் ஏழு ஆண்டு, சில நேரம் அதற்கும் மேல் ஆகும். விதையைத் தின்பண்டமாக எறும்புகள் இழுத்துப் போய்ப் பரப்புகின்றன. எறும்பு மருந்து போடாதீர்கள். பூவைப் பறிக்கும்போது அதன் மூன்று இலைகளும் சேர்ந்து வந்துவிட்டால் செடி பல ஆண்டு பின்தங்கும். நாற்றங்காலில் வளர்த்த செடியை மட்டும் வாங்குங்கள். ஸ்னோடிராப்பும் சைக்ளமனும் காட்டிலிருந்து அளவுக்கு மீறித் தோண்டப்பட்டதால், அவற்றின் பன்னாட்டு வணிகத்தை சைட்டிஸ் உடன்படிக்கையே கட்டுப்படுத்துகிறது.

இந்த ஆண்டு பூக்காத கிழங்குகளைத் தூக்கி எறிய வேண்டாம். இலை மஞ்சளானதும் துலிப்பைத் தோண்டி, பெரியதைப் பாறைத் தோட்டத்திலும் சிறியதை ஓரமாக ஒரு பாத்தியிலும், மண் குளிரத் தொடங்கும்போது நடுங்கள். சிறியவை தேற ஓரிரண்டு ஆண்டு ஆகும். அணில், எலித் தொல்லை இருந்தால் மேலே கம்பிவலை விரியுங்கள். டாஃபடிலுக்கு அது தேவையில்லை, அதில் லைக்கோரின் என்ற நச்சு இருப்பதால் அவை தொடுவதில்லை. அதே காரணத்தால் அறுத்த டாஃபடில் இலையைக் கால்நடைக்குப் போடாதீர்கள், கிழங்கை வெங்காயம் வைக்கும் இடத்திலும் வைக்காதீர்கள்.