மல்பெரிக் கன்றும் அம்மாவின் தேநீரும்

கேள்வி: அக்கா, நுவரெலியாவுக்குப் போய்வந்த மாமா கொண்டுவந்த மல்பெரிப் பழம் வழியிலேயே நசிந்துவிட்டது. வீசி எறிய மனமில்லாமல் விதையைக் கழுவி எடுத்து ஐஸ்கிரீம் பெட்டியில் போட்டேன். 30 கன்றுக்கு மேல் முளைத்து, இப்போது நாலைந்து இலை விட்டிருக்கின்றன. ஆனால் தினமும் இரண்டு மூன்று கன்று அடியில் மெலிந்து சாய்கிறது. அம்மாவுக்குச் சீனி வருத்தம். மல்பெரி இலையில் அன்ரிஒக்சிடன்ற், அதாவது உடம்பின் கலங்கள் பழுதாகாமல் காக்க உதவும் பொருள், நிறைய இருக்கிறதாம். இந்தக் கன்றின் இலையில் தேநீர் போட்டுக் கொடுக்கலாமா?
- வாசகி, நிலாவெளி

பதில்: தங்கச்சி, இப்போதைக்கு அந்த இலையில் கை வைக்காதீர்கள். நாலு இலைக் கன்றுக்கு அந்த நாலும்தான் சாப்பாடு. ஒன்றைக் கிள்ளினால் கால்வாசி போச்சு.

சாய்ந்த கன்றைப் பிடுங்கிப் பாருங்கள். மண்ணைத் தொடுகிற இடத்தில் தண்டு நூலாக மெலிந்து பழுப்பாக இருந்தால் அது நாற்றழுகல். ஈரம் கூடினால் வருகிற பூஞ்சண வேலை. உப்புவெளியில் நான் முதன்முதல் போட்ட பெட்டியில், அடியில் ஓட்டை போடாமல் விட்டு ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. அன்று அழுதேவிட்டேன். பெட்டியின் அடியில் ஏழெட்டு ஓட்டை போடுங்கள். காலையில் மட்டும் தண்ணீர் தெளியுங்கள். மேல்மண் காய்ந்த பிறகு அடுத்த தண்ணீர். உங்கள் கிணற்றுத் தண்ணீர் வாயில் உவர்த்தால் அதை ஊற்ற வேண்டாம். இளங்கன்று உப்பைத் தாங்காது. கச்சான் காற்று அடங்கும்வரை கிடுகு நிழலில் வைத்திருந்து, மாரி மழை தொடங்கியதும் நிலத்தில் நடுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விதைக் கன்று தாய்மரம் போல வருமென்று நம்ப முடியாது. சில ஆண் மரமாகிப் பூக்கும், காய்க்காது. பழம் வேண்டுமென்றால், காய்க்கிற மரத்தில் பென்சில் மொத்தத்தில், மூன்று நாலு கண் உள்ள 15 - 20 சென்ரிமீற்றர் தடி ஒன்று மாமாவிடம் கேளுங்கள். இரண்டு கண் மண்ணுக்குள் போகிற மாதிரி ஊன்றினால் அதிலேயே கன்று வந்துவிடும்.

இனி அம்மாவின் விஷயம். இங்கே இரண்டு வேறு சங்கதிகளை எல்லோரும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். இலையில் குளோரோஜெனிக் அமிலம், ரூட்டின் போன்ற அன்ரிஒக்சிடன்ற்கள் இருப்பது உண்மை. ஆனால் சாப்பிட்டதும் சீனி ஏறுகிற வேகத்தைக் குறைப்பது அவை அல்ல, டியோக்சிநோஜிரிமைசின் என்ற வேறொரு பொருள். சோற்று மாச்சத்தைச் சீனியாக உடைக்கும் நொதியைக் குடலில் அது தடுக்கிறது. அகார்போஸ் என்ற சீனி வருத்தக் குளிசை வேலை செய்வதும் இதே வழியில்தான். அதனால்தான் பயப்படுகிறேன்: அம்மா குளிசையும் போட்டு இந்தத் தேநீரையும் குடித்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கலாம். அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் கேட்காமல் ஒரு கோப்பைகூடக் கொடுக்க வேண்டாம். குளிசையை நிறுத்தும் பேச்சே வேண்டாம்.

பழத்தின் அன்ரிஒக்சிடன்ற் அதன் நிறத்திலேயே இருக்கிறது. அந்தோசயனின் என்று பெயர். பழம் சிவந்து கறுக்கக் கறுக்க அது கூடும். பழச்சாறு பிடித்த விரலில் தேசிக்காய்ப் புளி விட்டுப் பாருங்கள், ஊதா பளிச்சென்று சிவக்கும். சவர்க்காரம் பட்டால் நீலமாகும். அந்தச் சாயமேதான் நான் சொல்வது. அடுப்பில் கொதிக்க வைத்தால் அதில் ஒரு பங்கு அழிந்துபோகும். ஆகவே ஜாம் காய்ச்ச வேண்டாம், அம்மாவுக்குச் சீனிப்பாகும் கூடாதுதானே. மரம் காய்க்கிற காலத்தில் நன்றாகக் கறுத்த பழமாகப் பார்த்து ஒரு சிறங்கை, அப்படியே பச்சையாகக் கொடுங்கள்.

சாய்ந்த கன்றுகளை மட்டும் இன்று பொழுதுபடுமுன் மண்ணோடு எடுத்து எறிந்துவிடுங்கள். பக்கத்தில் நிற்பவை தப்பும்.