வாசகர் கேள்வி பதில்: ஆடிக் காற்றுக்கு மரவேலி

கேள்வி: தண்டையார்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். ராதாபுரம் பக்கம் அப்பா வழியில் வந்த மூன்று ஏக்கர் மானாவாரி நிலத்தைத் தம்பி பார்த்துக்கொள்கிறான். ஆனி, ஆடியில் மேல்காற்று அடித்தால் செம்மண் கண்ணெதிரே கிளம்பிப் போகிறது. மேற்கு வரப்பில் ஹாலோ பிளாக் சுவர் எழுப்பலாம் என்கிறான் தம்பி, மரம் வைக்கலாம் என்கிறேன் நான். எது சரி?
- ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: மரம்தான், அண்ணாச்சி. சுவரில் மோதும் காற்று மேலே ஏறி, அந்தப் பக்கம் சுழன்று இறங்கி, கொஞ்சம் தள்ளி மண்ணைத் தோண்டும். மரவரிசையில் பாதிக்குப் பாதி சந்து இருப்பதால் ஒரு பங்கு காற்று இலைக்குள் புகுந்து வேகம் குறைந்து வெளியே வருகிறது, மேலே போகிற காற்றும் அப்படிச் சுருட்டிக்கொண்டு விழுவதில்லை. வேகம் பாதியானாலே மண்ணை அள்ளிப்போகும் சக்தி ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும்.

அடுத்த முறை ஊருக்குப் போனால் வேலியடியில் குவிந்திருப்பதைக் கையில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று வெறும் மணலாக இருக்கும், விரலில் ஒட்டாது. சத்தெல்லாம் ஒட்டியிருந்த நைசான மண் தூசியாகப் பல மைல் தாண்டிப் போயிருக்கும். மிஞ்சிய அந்த மணல்தான் தரையோடு தரையாகத் துள்ளிப் போய் இளம்பயிரின் தண்டை அறுக்கிறது.

மரத்தின் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் வரை நல்ல பாதுகாப்பு கிடைக்கும், அதற்கப்பால் குறைந்துகொண்டே போகும். நிலம் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் சுமார் 360 அடி வரும். மரம் 25 அடி வளர்ந்தால் முதல் 250 அடி அடங்கிவிடும். மிச்சத்துக்கு நடுவில் அகத்தி ஒரு வரிசை போடலாம். மேற்கு வரப்பில் வெளிப்பக்கம் கிளுவை அல்லது கொடுக்காப்புளி, உள்ளே வேம்பும் புங்கனும் எதிரெதிராக விழாமல் மாற்றி மாற்றி இரண்டு வரிசை, இடையிடையே பனங்கொட்டை. பனை மெதுவாகத்தான் வளரும், ஆனால் அந்த மண்ணுக்கு அதைவிட உறுதியான மரம் எனக்குத் தெரியாது! போர் தண்ணீர் இருந்தால் சவுக்கும் வைக்கலாம், காற்றுத் தடுப்புக்கென்றே கோவை வன மரபியல் நிறுவனத்தில் ரகம் எடுத்திருக்கிறார்கள். சீமைக் கருவேலம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

வண்டி போக நடுவில் வழி விடாதீர்கள், அந்தச் சந்தில் காற்று முன்னைவிட வேகமாகப் பாயும். வாசல் கிழக்கே இருக்கட்டும். ஐப்பசி மழையோடு நட்டால் அடுத்த மேல்காற்றுக்குள் வேர் பிடிக்க ஏழெட்டு மாதம் கிடைக்கும், முதல் இரண்டு கோடைக்குக் குடத்துத் தண்ணீராவது ஊற்றியாக வேண்டும். மரத்தை ஒட்டிய பத்துப் பதினைந்து அடியில் விளைச்சல் குறையும் என்பதையும் தம்பியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் மூன்றாம் வருஷம் அரிவாளோடு நிற்பான். மரத்துக்கும் பயிருக்கும் நடுவில் இரண்டடி ஆழத்துக்கு வாய்க்கால் போலப் பள்ளம் வெட்டி, பயிர்ப் பக்கம் வரும் வேரை அறுத்துவிட்டால் பாதிப்பு குறையும்.

மரம் எழும்பும் வரை சோளத்தட்டையை முழங்கால் உயரத்துக்கு விட்டு அறுங்கள், காற்று மாதங்களில் ஏர் பூட்டாதீர்கள்.

கேள்வி: எண்ணூரில் இருக்கிறோம். மொட்டை மாடியில் துணி காயப்போட்டால் சாம்பல் படிகிறது. மரம் வைத்தால் நிற்குமா?
- ஒரு வாசகி, எண்ணூர்

பதில்: கொஞ்சம் குறையும் அம்மா, நிற்காது. கனமான தூசி மரத்தடியில் இறங்கிவிடும், கொஞ்சம் இலையில் படியும், ஆனால் நுரையீரல் வரை போகிற மிக நுண்ணிய தூசியில் பெரும்பங்கு தாண்டி வந்துவிடும். சாம்பலைக் கொட்டும் இடத்திலேயே நனைத்தும் மூடியும் வைக்க வேண்டியது கொட்டுகிறவர்களின் பொறுப்பு, அதைக் கேட்டுத் தெருவோடு சேர்ந்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதுங்கள். மரமும் வையுங்கள். பூவரசு, புன்னை, புங்கன் மூன்றும் உப்புக் காற்றைத் தாங்கும்.