கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போது ஃபிளைவீலையும் மாற்றிவிடலாமா?

வாகனம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பெங்களூரில் வாங்கிய 2003ஆம் ஆண்டு போர்ஷே பாக்ஸ்டர் எஸ் காரை ஓசூரில் வைத்து ஓட்டி வருகிறேன். ஆறு கியர், மேனுவல். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் கசிந்ததால் கியர்பாக்ஸை இறக்கியிருக்கிறோம். கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் ஆயிலைத் தடுக்கும் ரியர் மெயின் சீலையும், இந்த மாடலில் பலரும் எச்சரிக்கும் ஐ.எம்.எஸ். பேரிங்கையும் (இன்ஜினுக்குள் இடைத்தண்டைத் தாங்குவது) மாற்றப் போகிறோம். கிளட்ச் பிளேட்டும் தேய்ந்திருக்கிறது. இறக்கியதோடு இறக்கியதாக, எடை குறைந்த ஃபிளைவீலும் (கிராங்க் ஷாஃப்டின் முனையில் சுழலும் கனமான வட்டு) செராமிக் கிளட்ச்சும் போட்டுவிட்டால் வண்டி பறக்கும் என்கிறார் மெக்கானிக். மாதம் இரண்டு மூன்று முறை தொப்பூர் வழியாகச் சேலம் போய்வருவேன். ரேஸ் டிராக் பக்கம் போகும் எண்ணமில்லை. அவர் சொல்வதைக் கேட்கலாமா?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: கிளட்ச் செட்டை முழுமையாக மாற்றுங்கள், ஃபிளைவீலை மட்டும் இப்போதுள்ள இரட்டை நிறை வகையிலேயே (நடுவே ஸ்பிரிங் வைத்து இணைத்த இரு வட்டுகள்) வைத்துக்கொள்ளுங்கள். செராமிக் பிளேட் உங்களுக்கு வேண்டியதில்லை. உங்கள் காரில் இருக்கைக்குப் பின்னால் இன்ஜினும் அதற்கும் பின்னால் கியர்பாக்ஸும் அமைந்திருப்பதால், இந்த வேலையில் பெருஞ்செலவு கழற்றி மாட்டும் கூலிதான். ஆகவே அங்கே தேயக்கூடிய எதையும் பழையதாக விட்டுவைக்காமல் இருப்பது சிக்கனம். ஆனால் கூலி மிச்சமாகிறது என்ற ஒரே காரணத்துக்காக வண்டியின் சுபாவத்தையே மாற்றும் பாகத்தை உள்ளே போடுவது சிக்கனமாகாது.

ஃபிளைவீலைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், பேரிங்கை வெளியே எடுப்பதற்கும் முன்னால், ஆயில் ஃபில்டரைக் கழற்றி அதன் மடிப்புத் தாளை வெட்டி எடுத்து, ஒரு வெள்ளைத் துணியின் மேல் மடிப்பு மடிப்பாக விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பளபளக்கும் துகள் கண்ணில் பட்டால் ஒரு காந்தத்தை அருகே கொண்டுபோங்கள். அலுமினியத் துகள் அசையாது; பேரிங்கின் எஃகுத் துகள் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டினால், புதுப் பேரிங் போட்டு மூடிவிடுவதில் பயனில்லை. அந்தத் துகள்கள் ஆயிலோடு சேர்ந்து இன்ஜின் முழுவதும் சுற்றியிருக்கும் என்பதால், இன்ஜினையே பிரிக்க வேண்டியிருக்கும். கிளட்ச்சுக்கு என்று ஒதுக்கிய பணம் அங்கே தேவைப்படலாம். ஆகவே ஃபில்டரைப் பார்த்து முடிக்கும்வரை எந்த பாகத்துக்கும் ஆர்டர் கொடுக்காதீர்கள்.

அந்தப் பேரிங் மேல் உள்ள பயம் வெறும் வதந்தி அல்ல. கிராங்க் ஷாஃப்டிலிருந்து, வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்டுகளுக்குச் செயின் வழியாகச் சுழற்சியைக் கடத்தும் இடைத்தண்டை அதுதான் ஃபிளைவீல் பக்கம் தாங்குகிறது. அது உடைந்தால் வால்வுகள் திறந்து மூடும் நேரம் (டைமிங்) தவறி, வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். இது தொடர்பாக அமெரிக்காவில் நடந்த கூட்டு வழக்கு 2013இல் சமரசமாக முடிந்தது. 2001 மே முதல் 2005 பிப்ரவரி வரை தயாரான பாக்ஸ்டர், 911 கார்கள் அந்தச் சமரசத்தின் வரம்பில் வந்தன. உங்கள் வண்டியின் ஆண்டும் அதற்குள் அடங்குகிறது. பேரிங்கை உருவுவதற்கு முன் கிராங்கையும் கேம்களையும் அவற்றுக்குரிய பின்களால் பூட்டி, செயின் டென்ஷனர்களைக் கழற்றியாக வேண்டும். உங்கள் மெக்கானிக் இந்த முறையைத் தானாகவே எடுத்துச் சொல்கிறாரா என்று கவனியுங்கள். சொல்லவில்லையென்றால், இந்த ஒரு வேலைக்காவது அதைச் செய்து பழகிய வேறொருவரைத் தேடுவது நல்லது.

இனி ஃபிளைவீல். எடை குறைந்தால் இன்ஜின் சட்டென்று சுற்றேறும், சட்டென்று இறங்கும் என்பது உண்மை. எடை எவ்வளவு குறைந்தது என்பதைவிட எங்கே குறைந்தது என்பதே முக்கியம்: விளிம்பில் குறைக்கும் 1 கிலோ, மையத்துக்கும் விளிம்புக்கும் நடுவில் குறைக்கும் 4 கிலோவுக்குச் சமம். இந்தப் பலன் முதல் கியரில் நன்றாகத் தெரியும், கியர் ஏற ஏற மங்கும். கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் ஆறாவது கியரில் போகும்போது வித்தியாசம் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். குதிரைத்திறன் இதனால் கூடுவதில்லை. ஐடிலிங் கரடுமுரடாவதும், நியூட்ரலில் கிளட்ச்சை விட்டதும் கியர்பாக்ஸ் கலகலவென்று சத்தமிடுவதும், புறப்படும்போது கூடுதலாக ஆக்ஸிலரேட்டர் கொடுக்க வேண்டியிருப்பதும் இதற்கு நாம் கொடுக்கும் விலை. சிலருக்கு அந்தச் சத்தமே பிடிக்கும். அவர்களோடு வாதிட முடியாது.

உங்கள் காரைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பல இன்ஜின்களில் கிராங்கின் முன்பக்கப் புல்லியில் ரப்பர் வைத்த அதிர்வுத் தணிப்பான் இருக்கும். பாக்ஸ்டரின் இந்த இன்ஜினில் புல்லியில் அது கிடையாது. முறுக்கு அதிர்வைத் தணிக்கும் பொறுப்பில் பெரும்பகுதி இரட்டை நிறை ஃபிளைவீலுக்குள் கிரீஸில் மூழ்கியிருக்கும் வில் வடிவ ஸ்பிரிங்குகள் மீதுதான் விழுகிறது. அதை எடுத்துவிட்டு ஒற்றை வட்டைப் பொருத்தினால், அந்த அதிர்வைக் கிராங்க் ஷாஃப்ட் தானே தாங்க வேண்டியதாகிறது. இன்ஜினை முழுதாகப் பிரித்து, கிராங்க், கனெக்டிங் ராடு, பிஸ்டன், ஃபிளைவீல், பிரஷர் பிளேட் (கிளட்ச் பிளேட்டை ஃபிளைவீலோடு அழுத்திப் பிடிப்பது) எல்லாவற்றையும் ஒன்றாகப் பேலன்ஸ் செய்பவர்கள் அந்தத் துணிவை எடுக்கலாம். வெறும் கியர்பாக்ஸை மட்டும் இறக்கியவர் எடுக்கலாகாது.

செராமிக் பிளேட் கடும் சூட்டைத் தாங்கும் என்பது சரிதான். ஆனால் அது பிடித்தால் பிடிக்கும், இல்லையென்றால் விடும். இடைப்பட்ட நிலை அதற்கு ஒத்துவராது. சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் பாரம் ஏற்றிய லாரிகளுக்குப் பின்னால் நின்று நின்று நகர்வதும், மாங்காய்ப் பருவத்தில் கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி வரிசையில் ஊர்வதும் முழுக்க ஹாஃப் கிளட்ச் வேலை. அங்கே செராமிக் பிளேட் ஒவ்வொரு நகர்வுக்கும் வண்டியைக் குலுக்கும். ஃபிளைவீலின் முகத்தையும் வேகமாகத் தின்னும். உங்கள் இன்ஜின் தரும் முறுக்குவிசை சுமார் 310 நியூட்டன் மீட்டர். கம்பெனி கிளட்ச் அதற்கும் மேலே தாங்கும் விதமாகவே வடிவமைக்கப்பட்டது. இன்ஜின் திறனைக் கூட்டாதபோது, அழுத்தம் கூடிய பிரஷர் பிளேட்டால் நமக்குக் கிடைப்பது கால் வலியும் கிராங்கின் முன்பின் நகர்வைத் தடுக்கும் த்ரஸ்ட் பேரிங்குக்குக் கூடுதல் சுமையும் மட்டுமே.

இப்போதுள்ள ஃபிளைவீல் நல்ல நிலையில் இருக்கிறதா என்பதைக் கையாலேயே ஓரளவு அறியலாம். பிளேட் உரசும் பக்கத்து வட்டைப் பிடித்துத் திருப்பினால் ஸ்பிரிங் எதிர்க்க வேண்டும், விட்டதும் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். எதிர்ப்பே இல்லாமல் சுழன்றாலோ, நறநறத்தாலோ, முன்னும் பின்னும் அளவுக்கு மீறி ஆடினாலோ, ஓரத்தில் கிரீஸ் சிதறியிருந்தாலோ அதன் ஆயுள் முடிந்தது; அதே வகையில் புதிதாக வாங்கிப் போடுங்கள். நல்ல நிலையில் இருந்தால் பணம் மிச்சம்.

கூடவே ரிலீஸ் பேரிங், அதன் வழிகாட்டிக் குழாய், ஃபோர்க் உட்காரும் பிளாஸ்டிக் கிண்ணம், ஸ்லேவ் சிலிண்டர் ஆகியவற்றையும் புதிதாக்குங்கள். ஃபிளைவீல் போல்ட்டுகளை முதலில் குறிப்பிட்ட விசைக்கு இறுக்கி, பிறகு குறிப்பிட்ட கோணம் திருப்ப வேண்டும். அப்படி ஒருமுறை இறுக்கிய போல்ட்டைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. புதிய வகை ரியர் மெயின் சீல் டெஃப்ளான் ரகம். அதற்கு ஆயிலோ கிரீஸோ தடவாமல், உலர்வாக, அதற்குரிய கருவியால் சரியான ஆழத்துக்கு அழுத்த வேண்டும். பழக்கதோஷத்தில் விரலால் ஆயில் தடவிவிடுவார்கள். பக்கத்தில் நின்று பாருங்கள்.

கேள்வி: என்னிடம் பழைய ஃபியட் பாலியோ 1.6 இருக்கிறது. இன்ஜின் ஓவர்ஹால் நடக்கிறது. ஃபிளைவீலை லேத்தில் ஃபேஸிங் (உரசும் முகத்தைச் சமன்செய்வது) செய்வதோடு பின்பக்கம் கடைந்து 3 கிலோ குறைத்துத் தருவதாகப் பட்டறையில் சொல்கிறார்கள். செய்யலாமா?
– ஒரு வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: ஃபேஸிங் செய்யலாம், எடையைக் கடைவது வேண்டாம். வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும் அளவுக்கு இழுவிசையைத் தாங்காது. சுழலும் வட்டில் உண்டாவதோ இழுவிசை, அதுவும் வேகத்தின் இருமடியாகக் கூடுவது. நிமிடத்துக்கு 3,000 சுற்றில் உள்ளதைப் போல நான்கு மடங்கு 6,000 சுற்றில் இருக்கும். எங்கே எவ்வளவு கடையலாம் என்ற கணக்கில்லாமல் கடைந்த ஃபிளைவீல் வெடித்தால், அதன் துண்டுகள் கியர்பாக்ஸ் கூட்டைப் பிளந்துகொண்டு உங்கள் காலருகே வரும். எடை குறைந்தது வேண்டுமென்றால் எஃகில் அதற்கென்றே செய்ததை வாங்குங்கள்.

ஃபேஸிங்கிலும் ஒரு நுட்பம் உண்டு. முகத்தில் நீலம் பாய்ந்த திட்டுகள் இருந்தால் அந்த இடங்கள் சூட்டில் கடினமாகிவிட்டவை. லேத் டூல் அவற்றின் மேல் எகிறிப் போய், சிறு மேடுகளை விட்டுவிடும். கிரைண்டிங் செய்யும் பட்டறையைத் தேடுங்கள். ஓசூர் தொழிற்பேட்டைப் பக்கம் கேட்டுப் பார்க்கலாம். பிரஷர் பிளேட் அமரும் தளம் வேறு மட்டத்தில் இருந்தால் உரசும் முகத்தில் எடுத்த அதே அளவை அங்கேயும் எடுக்க வேண்டும். இல்லையேல் பிடிமானம் குறையும். இந்த ஃபேஸிங் ஒற்றை வட்டுக்குப் பொருந்துவது. முதல் கேள்வியில் உள்ள இரட்டை நிறை வகையை லேத்தில் ஏற்றக் கூடாது.

கேள்வி: புதுக் கிளட்ச் போட்ட பின் புறப்படும்போது வண்டி நடுங்குகிறது. தானாகச் சரியாகுமா?
– ஒரு வாசகர், தருமபுரி

பதில்: முதல் சில நூறு கிலோமீட்டரில் லேசான நடுக்கம் இருந்து, பிளேட்டும் ஃபிளைவீலும் ஒன்றோடொன்று படிந்ததும் மறைவதுண்டு. அதுவரை நகருக்குள் நிதானமாகக் கியர் மாற்றி ஓட்டுங்கள்; நெடுஞ்சாலையில் ஒரே கியரில் ஓடிய தூரம் இந்தக் கணக்கில் சேராது, பாரம் இழுப்பதும் ஏற்றத்தில் ஹாஃப் கிளட்ச்சில் நிறுத்திப் பிடிப்பதும் கூடாது. 800 கிலோமீட்டர் தாண்டியும் நடுக்கம் நின்றபாடில்லை என்றால், முதலில் இன்ஜின் மவுண்ட்டுகளைப் பார்க்கச் சொல்லுங்கள், ஏனெனில் அதற்குக் கியர்பாக்ஸை இறக்க வேண்டியதில்லை. மவுண்ட் நன்றாக இருந்தால் பிளேட்டில் ஆயிலோ கிரீஸோ பட்டிருக்கும், அல்லது பழைய ஃபிளைவீலின் முகத்தைச் சரிசெய்யாமலே பொருத்தியிருப்பார்கள். இந்த இரண்டுக்கும் மீண்டும் இறக்குவதைத் தவிர வழியில்லை. கூலியை யார் ஏற்பது என்பதை இறக்குவதற்கு முன்பே பட்டறையில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.