ஜெபத்தில் வரும் அந்தச் ‘சிலர்’ நான்தானா?

கேள்வி: நான் திருச்சிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். கணவர் வீடு பாளையங்கோட்டை, சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டண்டு சபை. கல்யாணமாகி எட்டு மாதம் ஆகிறது. தினமும் ராத்திரி குடும்ப ஜெபம் நடக்கும். ஆளாளுக்குச் சொந்தமாக, வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். என் முறை வந்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. ஒருநாள் என் பாட்டி பழக்கத்தில் ‘சர்வேசுரா’ என்று ஆரம்பித்துவிட்டேன்; நாத்தனார் சிரித்துவிட்டாள். அத்தை ‘கர்த்தாவேன்னு சொல்லும்மா’ என்றார். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அத்தை என்னைப் பற்றிய எந்தக் குறையையும் என்னிடம் நேராகச் சொல்வதில்லை. ‘இந்த வீட்டில் சிலருக்கு அதிகாலையில் எழும்புகிற கிருபையைத் தாரும் ஆண்டவரே’ என்று ஜெபத்தில் சொல்கிறார். கணவரோ, ‘ஜெபத்தைப் போய்த் தப்பா எடுக்கலாமா?’ என்கிறார். நான் என்ன செய்ய? – பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அந்தச் ‘சிலர்’ நீங்கள்தான். அதில் சந்தேகமே வேண்டாம்.

அதை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்தச் ‘சர்வேசுரா’. உங்கள் நாத்தனார் அடுத்த முறை சிரித்தால் ஒரு சேதி சொல்லுங்கள். 1715-இல் தரங்கம்பாடியில் சீகன்பால்க் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டபோது, அந்தப் புராட்டஸ்டண்டு பாதிரியார் கடவுளுக்கு வைத்த சொல்லும் சருவேசுரன்தான். கத்தோலிக்கர் வாயில் ஏற்கனவே புழங்கிய சொல்லை அவர் எடுத்துக்கொண்டார். அதற்கும் முன்னால், 1578-இல் கொல்லத்தில் அச்சான கத்தோலிக்கச் சிறுநூலுக்குத் ‘தம்பிரான் வணக்கம்’ என்று பெயர்; அங்கே கடவுள் ‘தம்பிரான்’. பின்னால் வேதாகமத்தை மொழிபெயர்த்த பப்ரிசியுஸ் என்ற புராட்டஸ்டண்டு பாதிரியார் ‘பராபரன்’ என்றார். பவர் என்ற பாதிரியாரின் குழு 1871-இல் முடித்த வேதாகமத் திருத்தத்தில் ‘தேவன்’ வந்தது. உங்கள் மாமியார் மடியில் வைத்திருக்கும் வேதாகமம் அந்த வழியில் வந்தது. உங்கள் அம்மா வீட்டில் இருப்பது அநேகமாக 1995-இல் வந்த, இரு தரப்பாரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பாக இருக்கும். அதில் ‘கடவுள்’, ‘ஆண்டவர்’. ஆக, உங்கள் இரண்டு வீட்டுக்கும் சாமி ஒன்றுதான், மொழிபெயர்த்த கைதான் வேறு.

இந்த வேறுபாடு சாப்பாட்டு மேஜை வரைக்கும் வரும். உங்களுக்கு அருள் என்றால் அவர்களுக்குக் கிருபை. உங்களுக்கு மீட்பு, அவர்களுக்கு இரட்சிப்பு. நீங்கள் திருமுழுக்கு என்றால் அவர்கள் ஞானஸ்நானம் என்பார்கள். உங்கள் ஊரில் ‘சாமியார்’ அல்லது ‘ஃபாதர்’. திருநெல்வேலிச் சபைகளில் போதகரை ‘ஐயர்’ என்பது வழக்கம். ‘ஐயர் சாப்பிட வர்றாரு, நல்ல மீனா வாங்கிட்டு வா’ என்று அத்தை சொன்னால் திகைக்காதீர்கள். துக்க வீட்டில் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்பார்கள். தூங்குகிறார் போலிருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். உங்கள் பாட்டியின் தலைமுறை பரிசுத்த ஆவியை ‘இஸ்பிரீத்து சாந்து’ என்றுதானே சொல்லியிருக்கும்? போர்ச்சுகீசியச் சொல்லையே தமிழாக்கிக்கொண்ட கூட்டம் நாம். யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்க இதில் இடமில்லை.

சொந்தமாக ஜெபிக்க வராதது உங்கள் பக்திக் குறையும் இல்லை. நீங்கள் ஜெபமாலை உருட்டி வளர்ந்தவர். அங்கே வார்த்தைகள் தயாராக இருக்கும், மனசை மட்டும் கொண்டுபோனால் போதும். உங்கள் கணவர் ஐந்து வயதிலேயே ஓய்வுநாள் பள்ளியில் எழுந்து நின்று வாய்விட்டு ஜெபிக்கப் பழகியிருப்பார். ஒரு ரகசியம் சொல்கிறேன். ‘சொந்த ஜெபம்’ என்பதிலும் முக்கால்வாசி மனப்பாடம்தான். ஸ்தோத்திரத்தில் தொடங்கும், நடுவே தெரிந்த வசனம் ஒன்று, பிறகு விண்ணப்பம், கடைசியில் ‘இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம் நல்ல பிதாவே, ஆமென்’. ஒரு வாரம் கவனித்துக் கேளுங்கள், பிடிபட்டுவிடும். அதுவரை சங்கீதம் 23-ஐச் சொல்லுங்கள். அவர்கள் ‘கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்’ என்று படித்தவர்கள். நீங்கள் உங்கள் வீட்டுப்படி ‘ஆண்டவரே என் ஆயர்’ என்றே சொல்லலாம். அதை யாராவது திருத்தினால், அப்போது உங்கள் கணவர் வாயைத் திறக்க வேண்டும். அது அவர் வேலை.

கடவுளை ‘நீர்’, ‘உமக்கு’ என்பது மட்டும் திருச்சிப் பெண்ணுக்கு நாடகம் போலத் தோன்றலாம். பாளையங்கோட்டையில் அது அவ்வளவு தூரத்துச் சொல் இல்லை. ‘நீரு எப்பம்வே வந்தீரு?’ என்று பெரியவர்கள் டீக்கடையில் இன்னமும் பேசிக்கொள்ளும் ஊர் அது. (எனக்கு இது எப்போது கேட்டாலும் பிடிக்கும். கடவுளும் கூட்டாளியும் ஒரே மரியாதையில்!)

சரி, அத்தை விஷயம்.

சபை வீடுகளின் பேச்சில் கொஞ்ச நாளில் உங்களுக்குச் சிலது புரியும். ‘உனக்காக ஒரு பாரம் இருக்கு’ என்றால் உண்மையிலேயே கவலைப்படுகிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஜெபத்துல வைப்போம்’ என்பது அக்கறையாகவும் இருக்கும், ‘இப்போ முடியாது’ என்பதற்கு மரியாதையான பெயராகவும் இருக்கும். குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ‘சாட்சியா வாழணும்’ என்று உங்களைப் பார்த்துச் சொன்னால் அக்கம்பக்கத்தில் ஏதோ பேச்சு வந்திருக்கிறது என்று அர்த்தம். ஆனால் ‘சிலருக்குத் தாரும்’ என்பது வேறு ரகம். ஆண்டவரைத் தபால்காரர் ஆக்குகிற வேலை அது. ஜெபத்துக்கு எதிர்ப்பேச்சு பேச முடியாது என்பதுதான் அதன் வசதி. கண்ணை மூடிக்கொண்டு குனிந்திருக்கிற மருமகள் என்ன பதில் சொல்வாள்? இதில் உங்கள் கணவர் சொல்வதை நான் ஏற்கவில்லை. நீங்கள் தப்பாக எடுக்கவில்லை, சரியாகத்தான் எடுத்திருக்கிறீர்கள்.

அதே சமயம், அத்தையை வில்லியாக்கவும் எனக்கு மனசில்லை. மருமகளை நேரே கண்டித்தால் சண்டை வரும் என்று பயந்து, தனக்குத் தெரிந்த ஒரே மென்மையான மொழியில் சொல்கிறார் என்றே தோன்றுகிறது. ஒருவேளை அவருடைய மாமியாரும் அவருக்கு இப்படித்தான் ‘ஜெபித்து’ இருக்கலாம். அவர் தினமும் வாசிக்கிற மத்தேயுவில்தான் ‘உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்’ என்று இருக்கிறது. அதை நீங்கள் எடுத்துக்காட்ட வேண்டாம். மருமகள் வசனம் சொன்னால் வீடு இரண்டாகும். பதிலுக்கு ‘சிலருக்கு நேராகப் பேசுகிற கிருபையைத் தாரும்’ என்று நீங்களும் ஜெபித்துவிடாதீர்கள். ஆசையாகத்தான் இருக்கும்.

ராத்திரி ஜெபத்துக்கு ராத்திரியே பதில் வேண்டாம். மறுநாள் அடுக்களையில் அத்தை தனியாக வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் நாலு உரியுங்கள். ‘அத்தை, நேத்து ஜெபத்துல சொன்னது என்னையத்தானே? எத்தனை மணிக்கு எழும்பணும், சொல்லுங்க’ என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். ஐந்தரை என்பார். நீங்கள் ஆறு என்று பேரம் பேசுங்கள்.