கூடாரத்துக்குள் கிலி: சர்க்கஸ் நாடகம் எழுதுவோருக்குச் சில பதில்கள்

போன முறை அறிவியல் புனைகதை நாடகங்களில் சர்க்கஸ் ஏன் இவ்வளவு கிலி தருகிறது என்று இரண்டே பத்திதான் எழுதினேன். அதற்கே கடிதங்கள் குவிந்துவிட்டன, அதில் பாதிப் பேர் வருகிற பள்ளி விடுமுறைக்குள் மேடையேற்ற நாடகம் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். சந்தோஷம். சில கேள்விகள் ஒரு வரியில் முடியும், முடித்துவிட்டேன். ஒன்று மட்டும் என்னைத் தூங்கவிடவில்லை, அதற்கு இடம் கொஞ்சம் அதிகம் போயிருக்கிறது. அப்புறம் ஒரு வேண்டுகோள்: அனுப்பும் முன் உங்கள் கேள்வியை நீங்களே ஒரு தடவை படித்துப் பாருங்கள்.

விண்கலம், ஆய்வுக்கூடம், பாழடைந்த ஊர் என்று எத்தனையோ களம் இருக்க, எதற்கு ஐயா சர்க்கஸ்? (பீனிக்ஸ்)

கூடாரமே ஒரு விண்கலம்தான். நேற்று வெறும் புல்தரையாக இருந்த இடத்தில் விடிந்ததும் வந்து நிற்கிறது. உள்ளே நம் ஊர்ச் சட்டம் செல்லாது, அங்கே ரிங் மாஸ்டர் சொன்னதுதான் சட்டம். நாலு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் புல்லில் ஒரு வட்டத் தடம் மட்டும் மிச்சம். இன்னொன்றும் இருக்கிறது. 1768 வாக்கில் லண்டனில் பிலிப் ஆஸ்ட்லி குதிரை மேல் நின்று வித்தை காட்ட ஆரம்பித்தார், அவர் கடைசியில் பிடித்துக்கொண்ட அளவுதான் இன்றைக்கும் சர்க்கஸ் வட்டத்தின் அளவு: குறுக்கே 42 அடி, சுமார் 13 மீட்டர். அந்த வளைவில் குதிரை ஒரே வேகத்தில் ஓடினால் மேலே நிற்பவருக்கு நிலைப்பு கிடைக்கிறது. எந்த நாட்டுக்குப் போனாலும் அதே வட்டம்தான், குதிரைக்கும் ஆளுக்கும் புதிதாகப் பழக வேண்டியதில்லை. ஊர் மாறினாலும் வட்டம் மாறுவதில்லை என்ற இந்த ஒன்றை வைத்தே ஒரு முழு நாடகம் எழுதலாம். டர்பனில் இருந்தாலும் வேறு கிரகத்தில் இருந்தாலும் அந்த 42 அடிக்குள் கால் வைத்தவர் வேறு யாருடைய ஆளுகைக்கோ போய்விடுகிறார்.

டாக்டர் ஹூவில் சர்க்கஸ் கதை ஒன்று வருமே, 1985 என்று நினைக்கிறேன், பெயர் என்ன? (டோங்காட்)

1985 இல்லை. போன முறையே எழுதியிருந்தேன். டாக்டர் ஹூ என்ற பிபிசி அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடரில் வந்த ‘தி கிரேட்டஸ்ட் ஷோ இன் தி கேலக்ஸி’, நாலு பாகம், 1988 டிசம்பரில் தொடங்கி 1989 ஜனவரியில் முடிந்தது. எழுதியவர் ஸ்டீபன் வையட், தொடரின் நாயகன் டாக்டராக வந்தவர் சில்வெஸ்டர் மெக்காய். நம் தென்னாப்பிரிக்காவில் தொலைக்காட்சி வந்ததே 1976இல்தான், இனவெறி ஆட்சியை எதிர்த்துப் பிரிட்டிஷ் நடிகர் சங்கம் தன் ஆட்கள் நடித்ததை இங்கே விற்கவிடவில்லை, அதனால் எங்கள் தலைமுறை இதைச் சொந்தக்காரர் அனுப்பிய வீடியோ கேசட்டில்தான் பார்த்தது. எங்கள் வீட்டுக்கு வந்த பிரதியில் இரண்டாம் பாகத்தின் முதல் பத்து நிமிடம் வெறும் பனிமூட்டம். இன்று அந்தக் கஷ்டம் உங்களுக்கு இல்லை, தேடிப் பாருங்கள்.

அந்தக் கதையைக் கார் நிறுத்துமிடத்தில் எடுத்தார்கள் என்பது உண்மையா அண்ணா? (மெரிபேங்க்)

உண்மைதான். பிபிசி ஸ்டுடியோவில் ஆஸ்பெஸ்டாஸ் இருப்பது தெரிந்து மூடிவிட்டார்கள், படப்பிடிப்பே நின்றுபோகும் நிலை. எல்ஸ்ட்ரீ வளாகத்தின் கார் நிறுத்துமிடத்தில் ஒரு நிஜக் கூடாரம் போட்டு உட்புறக் காட்சிகளை அங்கே எடுத்தார்கள். அதனால் கிடைத்த லாபத்தைப் பாருங்கள்: துணிச் சுவர் மூச்சுவிடுவது போல அசைகிறது, வெளி வெளிச்சம் உள்ளே கசிகிறது, நடை வழிகள் குறுகலாக இருக்கின்றன. ஸ்டுடியோச் செட்டில் இது வந்திருக்காது. உங்களுக்கும் அதையே சொல்கிறேன். பலகையில் கோடு போட்ட கூடாரம் வரையாதீர்கள். கல்யாணத்துக்குக் கூடாரம் போடுகிறவரிடம் பழைய துணி நாலு கேளுங்கள், பின்னால் ஒரு மின்விசிறி வையுங்கள், போதும்.

கோமாளிக்குக் கூர்ப்பல், ரத்தம், சிவப்புக் கண் எல்லாம் வைத்திருக்கிறோம். இன்னும் என்ன சேர்க்கலாம்? (சாட்ஸ்வர்த்)

எதையும் சேர்க்காதீர்கள். வைத்ததையும் எடுத்துவிடுங்கள்.

அந்த 1988 கதையின் தலைமைக் கோமாளிக்குப் பல்லும் இல்லை, ரத்தமும் இல்லை. துடைத்து வைத்த வெள்ளை முகம், மெதுவான குரல், வரவேற்பது போல ஒரு கை அசைவு, அவ்வளவுதான். அதே ஆள் சவ வண்டியில் ஏறிக்கொண்டு, வானத்தில் பட்டம் பறக்கவிட்டு, தப்பி ஓடியவர்களை மணல்வெளியில் தேடுகிறார். அவருக்குக் கீழே வேலை செய்யும் கோமாளிகள் ரோபோக்கள், இவர் மனிதர். அதுதான் வயிற்றைப் பிசைகிறது. மரியாதை மாறாமல் கெடுதல் செய்கிறவரைப் பார்த்தால் வரும் பயம் கூர்ப்பல்லைப் பார்த்து வராது.

வணக்கம் அண்ணா. என் நாடகத்தில் மூன்றடி உயர மனிதர் ஒருவர், ஒட்டிப் பிறந்த இரட்டையர், உடம்பெல்லாம் முடி முளைத்த பெண், இவர்கள்தான் வேற்றுக்கிரக வில்லன்கள். சனங்கள் பார்த்ததும் அலற வேண்டும். எப்படி? (பெயர் வேண்டாம் என்று கேட்ட ஒரு தம்பி)

தம்பி, உனக்கு நாடகம் எழுத வருகிறது, அனுப்பிய இரண்டு காட்சியிலேயே அது தெரிகிறது. ஆனால் இந்த வில்லன்களை விட்டுவிடு.

எனக்கு ஏழு வயதிருக்கும், அறுபதுகளின் கடைசி. தாத்தா என்னை ஒரு சர்க்கஸுக்குக் கூட்டிப்போனார். நிறம் பார்த்து இடம் பிரிக்க 1953இல் வந்த தனித்தனி வசதிச் சட்டம் அப்போது நன்றாகவே நடந்துகொண்டிருந்தது. எங்களுக்கு விட்ட இடம் ஓரத்தில், ஆட்டக்காரர்கள் உள்ளே நுழையும் திரைக்குப் பக்கத்தில், முதுகு சாயாத பலகை. எதிர்ப்பக்கத்தில் வெள்ளையர்களுக்கு நாற்காலி. எங்கள் பலகையிலிருந்து வட்டம் பாதிதான் தெரியும், ஆனால் திரைக்குப் பின்னால் நடப்பது தெரியும். உயரம் குறைந்த ஒரு பபூன் அங்கே கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்து, ஒரு காலின் பெரிய சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். காலுறையில் குதிகால் பக்கம் வேறு நிற நூலால் தைத்திருந்தது. எக்காளம் ஊதியதும் சப்பாத்தை மாட்டிக்கொண்டு ஓடினார், குட்டிக்கரணம் அடித்தார், எதிர்ப்பக்கம் ஒரே வாயாகச் சிரித்தது. திரும்பி வந்து அதே வாளியில் உட்கார்ந்து அதே முழங்காலைப் பிடித்துக்கொண்டார். எதிரே அந்த முகங்கள் வரிசையாக, சிரித்து முடித்துவிட்டு, அடுத்தது என்ன என்று காத்திருந்தன. அன்று ராத்திரி என் கனவில் வந்தது அந்த முகங்கள். பபூன் வரவில்லை.

அதனால்தான் அந்த டாக்டர் ஹூ கதை எனக்கு அவ்வளவு பிடிக்கும். அங்கே கெட்டது வட்டத்துக்குள் இல்லை. காலியான இருக்கைகளுக்கு நடுவே அப்பா, அம்மா, ஒரு சிறு பெண் என்று மூன்று பேர் உட்கார்ந்து தின்றபடி பார்க்கிறார்கள். அவர்கள்தான் ராக்னராக் தெய்வங்கள். அவர்களுக்கு வேடிக்கை வேண்டும், சலித்தால் ஆட்டக்காரர் சாம்பல். பலசாலி ஒருவர் வருகிறார், பளு தூக்கும்வரை பிழைக்கிறார், நகைச்சுவை சொல்லச் சொன்னதும் சொல்ல வரவில்லை, கதை முடிந்தது. அந்த சர்க்கஸ்காரர்கள் ஒரு காலத்தில் சுதந்திரமாக ஊர் ஊராகச் சுற்றிய நல்ல பிள்ளைகள். பிறகுதான் பிடிபட்டு அடிமையானார்கள். அவர்களும் பலியாட்கள்தான்.

இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: உட்கார்ந்திருப்பவரைக் காட்டு. உடம்பு வேறு மாதிரி இருப்பவரைக் காட்டிச் சனங்களை அலறவைப்பது பழைய கண்காட்சிக்காரனின் வியாபாரம், ஆள் ஒருவருக்கு ஒரு பென்னி. இந்த நாட்டுச் சர்க்கஸில் குழந்தைகள் ரொம்ப நேசித்த கோமாளி யார் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப்பார். போஸ்வெல் வில்கி சர்க்கஸின் டிக்கி என்பார்கள். மூன்று பென்னிச் சின்னக் காசின் பெயரைச் சூட்டிக்கொண்ட குள்ளமான மனிதர். அவர் பேரப்பிள்ளைகள் உன் நாடகத்துக்கு வந்து முன் வரிசையில் உட்கார்ந்தால் என்ன செய்வாய்?

எக்ஸ் ஃபைல்ஸ் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் 1995இல் ‘ஹம்பக்’ என்று ஒரு பாகம் வந்தது, சர்க்கஸ் ஆட்கள் குளிர்காலத்தில் தங்கும் ஃப்ளோரிடா ஊரான கிப்சன்டனில் நடப்பது. கோட்டு சூட்டு போட்ட இரண்டு துப்பறிவாளர்கள்தான் அந்த ஊரில் விசித்திரப் பிறவிகள். மரபணுவைத் திருத்தித் திருத்தி எல்லாரும் ஒரே அச்சில் அழகாகப் பிறக்கும் காலம் வரும், அது எவ்வளவு சலிப்பான உலகம் என்று ஓர் ஆட்டக்காரர் சொல்லும் இடம் இருக்கிறது, அது நல்ல அறிவியல் புனைகதை. ஆனால் அதிலும் கொலை செய்வது ஒட்டிப் பிறந்த உடம்பு ஒன்றுதான், அந்தக் குறை எனக்கு இன்றும் உண்டு. நீ அதைவிட நன்றாக எழுது. உன் மூன்று பேரையும் வைத்துக்கொள், அவர்களைத் தப்பிக்க முயல்கிறவர்களாக்கு. யாரிடமிருந்து என்று யோசி. எழுதி அனுப்பு, நான் படிக்கிறேன்.

ஸ்டார் ட்ரெக்கில் கோமாளி வருவது எந்தத் தொடர்? (லெனேசியா)

வாயேஜர், 1996, ‘தி தா’. உறைநிலையில் படுத்திருப்பவர்களின் மனங்களை ஒரு கணினி இணைத்து வைத்திருக்கிறது, அவர்கள் பயமே அங்கே கோமாளியாக உருவெடுத்து அவர்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பயத்துக்குத் தன் முடிவைப் பற்றியே பயம் வரும் கடைசிக் காட்சியை மட்டும் மூன்று முறை பாருங்கள். அரங்கம் எளிமையானது, நாலு வண்ணத் துணியில் நீங்களும் போட்டுவிடலாம்.

சிங்கம், யானை வேண்டாமா? (டோங்காட், அதே அன்பர்)

வேண்டாம். மனிதர்கள் போதும். 1971இல் வந்த டாக்டர் ஹூ கதை ஒன்றில் மாஸ்டர் என்ற எதிரி தன் வாகனத்தைக் குதிரை ஏற்றும் வண்டியாக மாற்றி ஒரு சர்க்கஸ் வண்டிகளுக்கு நடுவே ஒளித்துவைக்கிறான். யார் வந்தார், யார் போனார் என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை, ஒளிய அதைவிட நல்ல இடம் கிடையாது. விலங்கு இல்லாமலே சர்க்கஸ் இப்படிப் பயன்படும்.

பபூன் என்று எழுதுவதா, கோமாளி என்று எழுதுவதா? ஒரே குழப்பம். (பீட்டர்மாரிட்ஸ்பர்க், தமிழ் வகுப்பு நடத்தும் அக்கா)

இரண்டும் சரி அக்கா. நான் சர்க்கஸ்காரரைப் பபூன் என்பேன், கூத்தில் வருபவரைக் கோமாளி அல்லது கட்டியங்காரன். இங்கே ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்று எல்லாரும் சொல்லும் நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் என்ன செய்கிறான் பாருங்கள்: ராஜா வந்தால் வாழ்த்துவான், அடுத்த நொடி நம் பக்கம் திரும்பி ராஜாவைக் கிண்டல் பண்ணுவான். ஆட்டத்துக்குள்ளும் இருப்பான், உட்கார்ந்திருப்பவரோடும் பேசுவான். சர்க்கஸ் நாடகத்தில் அப்படி ஒருவனை வைத்து, அவன் நம் பக்கம் திரும்பிப் பேசுவதை மூன்றாம் காட்சியோடு நிறுத்திவிட்டால், ஏதோ ஆகிவிட்டது என்று பிள்ளைகளே புரிந்துகொள்வார்கள். ட்ரபீஸுக்குப் பார் விளையாட்டு என்றே எழுதுங்கள்.

கடைசியில் கூடாரம் பற்றி எரிந்து எல்லாரும் சாகிறார்கள். நல்ல முடிவா? (பீனிக்ஸ்)

சோம்பேறித்தனமான முடிவு. 1988 கதையிலும் கூடாரம் வெடிக்கிறது, ஆனால் அதற்கு முன் டாக்டர் வட்டத்தில் தனியாக நின்று, மாயவித்தை காட்டித் தெய்வங்களைச் சலிக்கவிடாமல் நேரம் கடத்துகிறார், தெய்வங்களின் சக்தியை அவர்கள் மேலேயே திருப்பிவிடும் ஒரு பதக்கத்தோடு நண்பர்கள் வந்து சேரும்வரை. மெக்காய் நிஜமாகவே மேடை வித்தைக்காரராக இருந்து வந்தவர், அந்தக் கைகளைப் பார்த்தாலே தெரியும். வெடிப்பு நினைவில் நிற்பது அந்தத் தவிப்பால்தான். உங்கள் நாயகி எதைச் செய்து நேரம் கடத்துவாள் என்று முதலில் எழுதுங்கள்.

கோவில் மண்டபத்தில் போடுகிறோம். நாற்காலியை எப்படிப் போடலாம்? (மெரிபேங்க்)

வட்டமாக. மேடையை மறந்துவிடுங்கள், நடுவில் 42 அடிக்கு இடமிருக்காது, 20 அடி போதும். முன் வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் மூன்று நாற்காலி காலியாக விட்டு, யார் கேட்டாலும் ஆள் வருகிறது என்று சொல்லுங்கள். விளக்கு அணைந்து எரியும்போது அவற்றில் மூன்று பேர் உட்கார்ந்திருக்கட்டும். இரண்டு வாசலும் திறந்தே இருக்கட்டும், இருட்டில் சின்னப் பிள்ளைகள் ஓடுவார்கள்.