சதர்ன் ராக் இசையில் அப்படி என்னதான் இருக்கிறது? புதிதாகக் கேட்பவர் எங்கே தொடங்கலாம்?

"‘ஸ்வீட் ஹோம் அலபாமா’ கேட்டேன், நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இதற்கா இவ்வளவு பேச்சு?" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். நானும் அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு, சரி இவ்வளவுதான் போல என்று பல வருடம் இந்தப் பக்கமே வராமல் இருந்தவன். லினர்ட் ஸ்கினர்ட் பேண்டின் அந்தப் பாட்டுக்கு அப்புறம் வருகிறேன். சதர்ன் ராக் என்பது அமெரிக்காவின் தென் மாநிலத்துக்காரர்கள் ப்ளூஸை ராக்கோடு கலந்து வாசித்த இசை. முதலில் 1971-க்குப் போகலாம்.

அந்த வருடம் மார்ச் மாதம் ஆல்மன் பிரதர்ஸ் பேண்ட் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் வாசித்ததைப் பதிவு செய்து ஜூலையில் இரட்டை இசைத்தட்டாக வெளியிட்டார்கள். தென் மாநிலத்து இசையின் உச்சம் வடக்கே பதிவானது ஒரு வேடிக்கை. மொத்தம் ஏழே பாட்டுதான். கடைசிப் பாட்டு ‘விப்பிங் போஸ்ட்’ மட்டும் ஏறக்குறைய 23 நிமிடம், இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதும் அதுதான். தொடங்க வேண்டிய இடம் இது.

இந்த பேண்டில் எல்லாமே இரண்டு. டிரம்ஸ் வாசிக்க புட்ச் டிரக்ஸ், ஜேமோ என இரண்டு பேர். கிட்டாரில் டுவேன் ஆல்மன், டிக்கி பெட்ஸ் என இரண்டு பேர். வழக்கமான ராக் குழுவில் இரண்டு கிட்டார் இருந்தால் ஒருவர் முன்னால் நின்று ஜமாய்ப்பார், மற்றவர் பின்னால் கார்டு (பல சுரங்களைச் சேர்த்து மீட்டுவது) பிடித்துக்கொண்டிருப்பார். இங்கே இரண்டு பேரும் முன்வரிசை. ஒருவர் ஸ-வில் நின்றால் இன்னொருவர் க-வில் நின்று ஒரே மெட்டை ஜோடியாக வாசித்துக்கொண்டு போவார்கள். பிறகு ஒருவர் விலகிக்கொள்ள, மற்றவர் தனியாக விரித்துக்கொண்டே போவார். மைல்ஸ் டேவிஸும் ஜான் கோல்ட்ரேனும் வாசித்த ஜாஸைத் திரும்பத் திரும்பக் கேட்டு வளர்ந்தவர்கள் இவர்கள். கார்டு மாற்றங்களுக்குப் பின்னால் ஓடாமல் ஒரே சுர வரிசைக்குள் நீண்ட நேரம் உலாவுவதை அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள். ஆலாபனை கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமாகவே தெரியாது.

டுவேனின் ஸ்லைட் கிட்டாருக்கு ஒரு கதை உண்டு, தம்பியும் பேண்டின் பாடகருமான கிரெக் சொன்னது. 1968-இல் அண்ணனுக்கு 22-வது பிறந்தநாள் வந்தபோது உடம்பு சரியில்லை. தம்பி ஒரு ஜலதோஷ மாத்திரைக் குப்பியும் தாஜ் மஹால் என்ற ப்ளூஸ் பாடகரின் இசைத்தட்டும் கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு வந்தார். டுவேன் மாத்திரைகளைக் கொட்டிவிட்டு, லேபிளைக் கழுவி எடுத்து, அந்தக் கண்ணாடிக் குப்பியை விரலில் மாட்டிக்கொண்டு தந்திகளின் மேல் வழுக்கிப் பழக ஆரம்பித்தார். சித்திரவீணையில் கட்டையை நகர்த்துவதைப் பார்த்திருந்தால் சட்டென்று புரிந்துவிடும்: மெட்டு படி ஏறாமல் சரிந்து போகும். அந்த இசைத்தட்டிலிருந்து அவர் கற்றுக்கொண்ட ‘ஸ்டேட்ஸ்போரோ ப்ளூஸ்’தான் ஃபில்மோர் ஈஸ்ட் தட்டின் முதல் பாட்டு. அதை 1928-இல் பதிவு செய்தவர் ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த பார்வையற்ற கறுப்பினக் கலைஞர் பிளைண்ட் வில்லி மெக்டெல்.

இந்த இசையின் வேர் கறுப்பின இசையில்தான் இருக்கிறது. ஜார்ஜியாவின் மேக்கன் என்ற சிறு நகரம் கறுப்பினப் பாடகர்களான லிட்டில் ரிச்சர்ட் பிறந்த ஊர், ஓடிஸ் ரெட்டிங் வளர்ந்த ஊர். ரெட்டிங்கின் மேனேஜர் ஃபில் வால்டன். 1967 டிசம்பரில் விமான விபத்தில் ரெட்டிங் 26 வயதில் இறந்துபோக, வால்டன் நொறுங்கிப்போனார். அப்புறம் அலபாமாவின் மஸில் ஷோல்ஸ் என்ற ஊரில் ஒரு ஸ்டூடியோவில் பாடகர்களுக்குப் பின்னணி வாசித்துக்கொண்டிருந்த டுவேனைப் பிடித்து, 1969-இல் மேக்கனிலேயே கேப்ரிகார்ன் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். வெள்ளையர் ஐந்து பேரும் கறுப்பினத்தவரான ஜேமோவும் சேர்ந்த குழு ஒன்று அந்தக் காலத்துத் தென் மாநிலத்தில் ஒரே வண்டியில் ஊர் ஊராகப் போனதே பெரிய விஷயம். கையில் காசில்லாமல் இரண்டு தட்டு வாங்கிப் பங்குபோட்டுச் சாப்பிட்ட இவர்களுக்கு ஆளுக்கொரு தட்டு நிரப்பிக் கொடுத்தவர் மேக்கனில் எச் அண்ட் எச் உணவகம் நடத்திய லூயிஸ் ஹட்சன் என்ற கறுப்பினப் பெண்மணி. ஊரே அவரை மாமா லூயிஸ் என்றுதான் கூப்பிட்டது (இந்த ‘மாமா’ ஆங்கிலத்தில் அம்மா, நம்ம மாமா இல்லை).

‘விப்பிங் போஸ்ட்’ பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நள்ளிரவில் வரிகள் தோன்றியபோது எழுதப் பேனா இல்லாமல், எரிந்த தீக்குச்சிக் கரியால் இஸ்திரிப் பலகையின் உறைமேல் எழுதினாராம் கிரெக். அதன் தொடக்கம் 11 எண்ணிக்கை. கை தட்டிப் பாருங்கள்: மூன்று, மூன்று, மூன்று, இரண்டு. இது பதினொன்று என்று டுவேன் எடுத்துச் சொல்லும் வரை எழுதியவருக்கே தெரியாதாம்!

ஃபில்மோர் ஈஸ்ட் தட்டு வெளியான நான்கு மாதத்துக்குள், 1971 அக்டோபர் 29 அன்று, டுவேன் மேக்கனில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார். அடுத்த வருடம் நவம்பரில் பேஸ் கிட்டாரிஸ்ட் பெரி ஓக்லியும் அதே ஊரில், அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, மோட்டார் சைக்கிள் விபத்தில் போனார். இரண்டு பேருக்கும் வயது 24. இருவரும் ரோஸ் ஹில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்கள். அங்கே ஒரு கல்லில் பார்த்த பெயரைத்தான் டிக்கி பெட்ஸ் முன்பே ஒரு வார்த்தையில்லாப் பாட்டுக்குச் சூட்டியிருந்தார்: ‘இன் மெமரி ஆஃப் எலிசபெத் ரீட்’. என்னைக் கேட்டால் முழுத் தட்டிலும் இதுதான் முதலிடம்.

சரி, லினர்ட் ஸ்கினர்ட். ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில் பையன்கள். முடி நீளமாக வளர்த்ததற்காக மாட்டிவிட்ட பி.டி. மாஸ்டர் லெனர்ட் ஸ்கின்னரின் பெயரையே எழுத்தை மாற்றி பேண்டுக்கு வைத்துக்கொண்டார்கள். இவர்களிடம் ஆல்மன் சகோதரர்களின் உலாவல் கிடையாது. மூன்று கிட்டார் இருந்தும் ஒவ்வொன்றும் எங்கே என்ன வாசிக்க வேண்டும் என்பது முன்பே முடிவானது. ‘ஃப்ரீ பேர்ட்’ முடிவில் வரும் அந்தப் பாய்ச்சலும் அப்படித்தான். ஒத்திகை பார்த்துப் பார்த்துத் தேய்த்த இசை.

‘ஸ்வீட் ஹோம் அலபாமா’ (1974) தென் மாநிலத்தின் இனவெறியைச் சாடி கனடாப் பாடகர் நீல் யங் பாடிய இரண்டு பாட்டுகளுக்குப் பதில். எழுதிய மூவரில் ஒருவர்கூட அலபாமாக்காரர் இல்லை. அலபாமாவின் அன்றைய ஆளுநர் ஜார்ஜ் வாலஸ், கறுப்பினத்தவரைப் பிரித்தே வைக்க வேண்டும் என்று முழங்கிப் பதவிக்கு வந்தவர். ஆளுநரைப் பற்றிய வரி முடிந்ததும் பின்னணியில் ‘பூ, பூ’ (boo) என்று ஒரு கேலிக்குரல் வருவதால், அந்த வரி பாராட்டா எதிர்ப்பா என்று இன்றும் சண்டை நடக்கிறது. பின்னணி பாடியவர்களில் மெரி கிளேட்டன், கிளைடி கிங் இருவரும் கறுப்பினப் பாடகிகள். அதைப் பாடத் தனக்கு மனமே இல்லை என்று கிளேட்டன் பிற்பாடு சொல்லியிருக்கிறார். மேடைக்குப் பின்னால் அடிமை முறைக்காகப் போரிட்ட கான்ஃபெடரேட் கொடியைத் தொங்கவிட்டுக்கொண்டு, எங்கள் பாட்டு எதிர்ப்புப் பாட்டுதான் என்றால் எனக்குப் பாதிதான் நம்ப முடிகிறது. பாட்டை ரசிப்பேன், அந்தக் கொடிக்காக வாதாட மாட்டேன்.

1977 அக்டோபர் 20 அன்று எரிபொருள் தீர்ந்து அவர்களுடைய விமானம் மிசிசிப்பிக் காட்டில் விழுந்தது. பாடகர் ரானி வான் ஸான்ட் உட்பட ஆறு பேர் இறந்தார்கள். மூன்று நாள் முன்புதான் வெளியாகியிருந்த ஆல்பத்தின் அட்டையில் பேண்டைச் சுற்றித் தீ எரியும். நிறுவனம் அவசரமாக அட்டையை மாற்றியது. அதே அட்டையில் வான் ஸான்ட் போட்டிருந்தது நீல் யங் டி-ஷர்ட். 1979-இல் கேப்ரிகார்னும் திவாலானது.

ஹெட்ஃபோன் போட்டு, ஃபில்மோர் ஈஸ்ட்டை முதலிலிருந்து வரிசையாகக் கேளுங்கள். ‘விப்பிங் போஸ்ட்’ முடிந்து கைதட்டல் வரும்போது அணைத்துவிடாதீர்கள். மெதுவாக இன்னொரு பாட்டு கிளம்பும், அதற்குள் தட்டு முடிந்துவிடும். அது ‘மவுண்டன் ஜாம்’. மிச்சத்தைக் கேட்க 1972-இல் வந்த ‘ஈட் எ பீச்’ ஆல்பத்துக்குப் போக வேண்டும். 33 நிமிடம்.